தலையீற்று

முத்தையன்கட்டு இடதுகரைக்கு
மோட்டார் சைக்கிளில் போனேன்,
பின்னால் கட்டிய கூடை வெறுமையாய் ஆடியது.
பையில் படிவம்:
சபை தந்த ஆட்டின் தலையீற்றுக் குட்டி
சபைக்கே திரும்ப வேண்டும்,
அது அடுத்த வீட்டுக்குப் போகும்.

அடுத்த வீடு புஸ்பகாந்தனுடையது,
மூன்றாம் வாய்க்காலோரம்.
இடது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
பல் முளைக்கிற பிள்ளை ஒன்று.
போன மாதமே பட்டி அடைத்துவிட்டான்
கிளுவங்கதியாலும் பழைய தறப்பாளும் வைத்து.
தறப்பாளில் இன்னும் வாசிக்கலாம்
எப்போதோ வந்துபோன நிறுவனத்தின்
நீல எழுத்து பாதி.

இரத்தினேஸ்வரி அக்கா பிளேன்டீ தந்தா,
சீனி உள்ளங்கையில்.
குட்டியைக் கேட்டேன்.
கூப்பிட்டா. வந்தது,
கழுத்தில் மஞ்சள் நூலும்
நூலில் ஒரு சின்ன மணியுமாக.
'வைரவருக்கு நேர்ந்தாச்சு, தம்பி.'

என்னத்துக்கு என்று கேட்கவில்லை.
வட்டுவாகல் தாண்டிப்
பெயர் பதியப் போன மனுசனின் சாரத்தைக்
கிழமைக்கொருக்கால் தோய்த்துக்
கொடியில் போடுகிறவ அவ.

நாலாம் பிரிவை வாசித்துக் காட்டினேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை,
கிழமைக் கடன் அறவிட வருகிறவனின் குரல்.

'வாசிச்சுத்தான் கையெழுத்து வைச்சனான்.
ஆனால் ஆடு தந்த அண்டைக்கு
உங்கட போதகர் என்ன படிச்சவர்?
தலைச்சன் எல்லாம் கர்த்தருக்கு எண்டுதானே?
உங்கட ஆள் கேக்கலாம்,
எங்கட ஆள் கேக்கக் கூடாதோ?'

ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவன் நான்.
பதில் வரவில்லை.
குட்டி படிவத்தின் மூலையைக் கடித்தது.

போதகர் அருமைநாயகம்
தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டு
எண்ணெய்க் கையோடு குந்தியிருந்தார்.
ஏச்சு விழும் என்று நினைத்தேன்.
நெடுநேரம் ஒரு வாசரைத் துடைத்தார்.
'கழுதையின் தலையீற்றை
ஆட்டுக்குட்டியால் மீட்கலாம் எண்டு இருக்கு.
ஆட்டுக்குட்டியை எதால மீட்கிறதெண்டு
மோசே எழுதேல்லை.
அவவையே கேள்.'

கேட்கப் போனபோது அவ முடிவெடுத்திருந்தா.
மறுநாள் விடிய
மூத்த மகளின் பள்ளிச் சைக்கிளில்,
சோடாப் போத்தல் ஒன்றில்,
தாயாட்டின் பால் மூன்றாம் வாய்க்காலுக்குப் போனது.
இரண்டாம் ஈற்று மட்டும் இது,
பிறகு குட்டி.

புஸ்பகாந்தன் கத்தினான்:
'நான் கேட்டது ஆடு.
பால் ஊத்தி என்னைப் பிச்சைக்காரனாக்காதேங்கோ.'
இரண்டு நாள் போத்தல் வேலியில் தொங்கித் திரைந்தது.
மூன்றாம் நாள் பிள்ளை குடித்தது.
நாலாம் நாள்
கழுவிய போத்தலோடு
இரண்டு முருங்கைக்காய் திரும்பிப் போனது.

படிவத்தில் இரண்டு பெட்டிகள்தான்:
கையளிக்கப்பட்டது. இறந்தது.
பேனையை மூடியே வைத்திருந்தேன்.

பனி நாடொன்றில்
கேக் விற்றுக் காசு சேர்த்த பிள்ளைகள்
படம் கேட்டிருந்தார்கள்,
குட்டியும் புதிய குடும்பமும்.

சனிக்கிழமை புஸ்பகாந்தனையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு
பாலை மரத்தடி வைரவரிடம் போனேன்.
யாருக்கும் சொந்தமில்லாத திமிரோடு
நின்றது கிடாய்.
பிள்ளை அதன் காதைப் பிடித்திழுத்தது,
அவன் முதற்தரம் சிரித்தான்,
நான் அழுத்தினேன்.

பதில் வந்திருக்கிறது.
மிக அழகான ஆடு,
கழுத்தில் மஞ்சள் நூல் எதற்கு?

மூன்றாம் வாய்க்காலில் பட்டி இன்னும் வெறுமை.
தாயாடு சினை,
கார்த்திகையில் ஈனும் என்கிறா அக்கா,
மழைக்கு முந்தியோ பிந்தியோ தெரியாது.
கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன்.
'அன்பான பிள்ளைகளே'
வரைக்கும் வந்திருக்கிறேன்.